நான்கு நிமிடமும் ஒரு மணியும்

அம்மாவின் வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் போதும் என்று மகன் சொல்லியிருந்தான். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் வீடு எலும்பும் தோலுமாகிவிட்டது.

சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாய்ப் பளிச்சென்று இருந்தன. கூடத்தில் அட்டைப் பெட்டிகள். ஒன்றில் 'கொடுக்க' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'வைத்துக்கொள்ள'. மூன்றாவதில் எதுவும் எழுதவில்லை. அதுதான் நிரம்பி வழிந்தது.

அந்த மூன்றாவது பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் இறந்தவளின் மகள்.

"செருப்பு இருக்கு இல்ல சார், செருப்பு... அதை என்ன செய்யறதுன்னு தெரியலை. யாருக்குக் கொடுக்க முடியும்? தூக்கிப் போடவும் கை வரலை" என்றாள். எதிரே நின்றவர் குனிந்து அந்தச் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்தார்.

அவர் முன்னாள் இன்ஷூரன்ஸ் ஆய்வாளர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது என்பதால் எல்லோரும் பூனை என்பார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவருடைய உதவியாளர் சோடா. அதுவும் சம்பளம் தாமதமானால் மட்டும்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதால் அவளுக்கு அந்தப் பெயர். வயது முப்பத்தெட்டு. இனி வேறு பெயர் வராது என்று அவளும் சமாதானமாகிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவள். நான்கு வருஷமாகப் பூனையிடம் வண்டியும் ஓட்டுகிறாள், வாயும் ஓட்டுகிறாள்.

"நீங்க போன்ல சொன்ன சீட்டைக் காட்டுங்கம்மா" என்றார் பூனை.

மகள் ஒரு சின்ன மஞ்சள் சீட்டை நீட்டினாள். கரண்டி வைக்கிற இழுப்பறையின் அடியில் கிடைத்ததாம். காது மெஷின் ரிப்பேர் கடை ரசீது அது. பெற்றுக்கொண்ட நாள் வெள்ளி. திருப்பித் தரும் நாள் புதன்.

"அம்மா ஞாயித்துக்கிழமை போயிட்டாங்க. திங்கக்கிழமை காலையில நர்சம்மா வந்து பார்த்துத்தான் தெரியும். அப்படின்னா வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மாவுக்குக் காது இல்லை சார்."

"மெஷின் இல்லாம ஒண்ணுமே கேக்காதா?"

"பக்கத்துல பாத்திரம் விழுந்தாக்கூடத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். காதுல மாட்டினதைக் கழட்டாம வேலை பார்த்தாங்க. முதல்ல வலது காது போச்சு. அப்புறம் இடது."

பூனை எழுந்து ஜன்னலோரம் போனார். டெலிபோன் மேஜை இன்னும் காலி செய்யப்படவில்லை. பழைய கறுப்பு போன். அதன் மேலே சுவரில் சிவப்பு பல்பு ஒன்று.

"இது என்ன, ஆம்புலன்சா?" என்றாள் சோடா.

"மணி அடிச்சா எரியும். டெலிபோன் கம்பெனிக்காரங்களே மாட்டிக் கொடுத்தாங்க. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போனை எடுப்பாங்க."

சோடா அதற்குமேல் பல்பைக் கேலி செய்யவில்லை.

விஷயம் இதுதான். அம்மாவுக்குத் தினமும் ஊசி போட வேண்டும். கண்ணில் புரை. ஊசியில் இருக்கிற கோடு தெரியாது. அதனால் ஒரு நர்ஸ் ஆறு வருஷமாகத் தினம் காலையும் மாலையும் வருகிறாள். அந்தச் சனி ஞாயிறு அவள் வரவில்லை. சர்க்கரை ஏறி, கிழவி சமையலறைத் தரையில் விழுந்து, அங்கேயே முடிந்துபோனாள். வாசல் கதவு தாழ் போடாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமை போகும்போது நர்ஸ்தான் கவனமில்லாமல் விட்டுப் போயிருக்கிறாள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பதினோரு நாளாக நர்ஸ் காவலில் இருக்கிறாள்.

நர்ஸ் சொல்வது வேறு. 'ரெண்டு நாள் நான் அம்மாவோடயே தங்கறேன், ஊசியும் நானே போடறேன், நீங்க ஓய்வெடுங்கன்னு மகன்தான் மாடிப்படியில நின்னு சொன்னார்' என்கிறாள். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

மகன் சொல்வது இன்னொன்று. 'அப்படிச் சொல்லவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் அம்மாவோட போன்ல பேசினேன். நர்ஸ் வந்துட்டா, நல்லா இருக்கேன்னு அம்மாவே சொன்னாங்க.' அதற்குச் சாட்சியாகத் தன் போன் பட்டியலையும் போலீசில் கொடுத்திருக்கிறான்.

"அதோட நகல் இருக்கா?"

"அண்ணனே எனக்கும் ஒண்ணு கொடுத்தார். பாரு, நாலு நிமிஷம் பேசியிருக்கேன்னு."

பூனை அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சனி, மாலை 6.10. அம்மாவின் எண். நான்கு நிமிடம். அதற்குக் கீழே அதே எண்ணுக்கு 6.15. பதில் இல்லை.

"காது கேக்காதவங்களோட நாலு நிமிஷம் என்ன பேசியிருப்பார்?" என்றாள் சோடா. "என் வீட்டுக்காரருக்குக் காது நல்லாவே கேக்கும். அவரோட நான் ஒரு நிமிஷம் பேசினாலே பெரிசு."

"அதைவிட அடுத்த வரி சுவாரசியம்" என்றார் பூனை. "நாலு நிமிஷம் பேசி வெச்சவர், வெச்ச கையோட திரும்ப அடிச்சிருக்கார். எதிர்ப்பக்கம் எடுக்கலை. இவரும் விட்டுட்டார். எதுக்கு?"

"ஏதாவது சொல்ல மறந்திருப்பார்."

"மறந்தது ஞாபகம் வந்தா ஒருத்தன் விடாம அடிப்பான். இவர் ஒரே தடவைதான் அடிச்சிருக்கார்."

அவர் மேஜையைச் சுற்றி வந்தார். குனிந்தார். மேஜைக் காலில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் மறுநுனியில் ஒரு பேனா.

"ஏம்மா, பேனாவைக் கட்டிப் போட்டிருக்காங்களே, எழுதறதுக்குக் காகிதம் எங்க?"

மகள் நிமிர்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் ஓர் உயிர் தெரிந்தது.

"புத்தகம்! சின்னச் சின்ன நோட்டு சார். யார் போன் பண்ணாலும் மணி, பேர், என்ன விஷயம், எல்லாம் எழுதி வைப்பாங்க. வேலைப் பழக்கம், கடைசி வரை விடலை. அலமாரி நிறைய இருந்துது." அவள் குரல் இறங்கியது. "நான் ஊர்லேருந்து வர்றதுக்கு முன்னாடியே அண்ணன் காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டார்."

"எந்தக் கடைம்மா?" என்று கேட்கும்போதே சோடாவின் கையில் வண்டிச் சாவி வந்துவிட்டது.

*

பழைய பேப்பர் கடை மூன்று தெரு தள்ளி இருந்தது. உள்ளே மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி. தராசுக்குப் பின்னால் கடைக்காரர் கிழிந்த புத்தகங்களின் அட்டையைத் தனியாக உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது மாடி வீட்டுச் சரக்கா? இருக்கு. இன்னும் லாரி ஏத்தலை." வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் நோட்டுதான் தேடறீங்களா?"

பூனை திரும்பவில்லை. மூட்டையைப் பார்த்தபடியே, "நாங்களும்னா, வேற யார்?" என்றார்.

"போட்டவரேதான். போட்டதுக்கு மறுநாளே ஓடி வந்தார். ஒரு சின்ன நோட்டு தப்பா வந்துடுச்சுன்னார். முழு மூட்டையையும் கவிழ்த்துக் கொட்டினார். ரெண்டு மணி நேரம். என் சட்டைப் பையை மட்டும்தான் தடவிப் பார்க்கலை."

"கிடைச்சுதா?"

"கிடைச்சிருந்தா போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் இல்ல? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனார்."

நோட்டுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லாம் உள்ளங்கை அகலம். மகள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க, சோடா ஒன்றைப் பிரித்துத் தன் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனாள்.

"'காலை 9.05. மகள். இருமல். மருந்து வாங்கவில்லை. திட்டினேன்.'" பக்கத்தைத் திருப்பினாள். "'11.20. தவறான எண். மீன் கடை கேட்டார். தேடி, சரியான எண் சொன்னேன்.' அடக் கடவுளே! ராங் நம்பருக்கும் வேலை பார்த்திருக்காங்க சார். ஓய்வு பெற்ற விஷயத்தை யாருமே இவங்ககிட்டச் சொல்லலை போல."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோ ஆகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

பூனை தேதி வரிசையில் கடைசி நோட்டைக் கண்டுபிடித்தார். அது அந்த வாரத்து வியாழக்கிழமையோடு முடிந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் எழுதியிருந்தது.

"இடமே இல்லை. அப்படின்னா வெள்ளிக்கிழமை புது நோட்டு எடுத்திருக்காங்க. அதைத்தான் உங்க அண்ணன் தேடியிருக்கார். வீட்லயும் கிடைக்கலை, இங்கயும் கிடைக்கலை."

"அப்ப எங்க போச்சு?" என்றாள் மகள்.

"மெஷின் இருந்த வரைக்கும் நோட்டு போன் பக்கத்துல இருந்தாப் போதும். மெஷின் ரிப்பேருக்குப் போன பிறகு?" பூனை அவளை நேராகப் பார்த்தார். "யார் வந்து எது சொன்னாலும் எழுதிக் காட்டச் சொல்லணும். காய்கறிக்காரன்கிட்டகூட நோட்டை நீட்டணும். நோட்டை உடம்போட வெச்சிருந்திருப்பாங்க. கடைசியா என்ன உடுத்தியிருந்தாங்கம்மா?"

கடைக்காரர் அட்டை உரிப்பதை நிறுத்தினார்.

"நைட்டி" என்றாள் மகள் மெதுவாக. "நர்சம்மா அதுல ஒரு பெரிய பை வெச்சுத் தைச்சுக் கொடுத்திருந்தாங்க. கண்ணாடி, மருந்துச் சீட்டு எல்லாம் போட்டுக்கறதுக்கு." அவள் மூட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டு தடவை போன் பண்ணாங்க சார். துணி இருக்கு, வந்து வாங்கிக்கோங்கன்னு. எனக்குப் போக முடியலை. அண்ணன்கிட்டச் சொல்லவும் மறந்துட்டேன்."

"நல்லவேளை மறந்தீங்க" என்றாள் சோடா. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் கேலி இல்லை.

*

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கவுண்டரில் கண்ணாடித் தடுப்பு. அதில் ஒரு வட்டத் துளை. துளைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா அம்மா. அவளுடைய பேரேட்டில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"உறவு?"

"மகள்."

"கண்ணாடி ஒண்ணு, வளையல் ரெண்டு, துணி ஒண்ணு. துணியை வெட்டித்தான் எடுத்தாங்க, கோச்சுக்காதீங்க. பைக்குள்ள இருக்கிறதை நாங்க எடுக்கறதில்லை, அப்படியே கட்டிடுவோம். சரி பார்த்துக்கோங்க."

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை. முடிச்சின் மேல் எண் எழுதிய அட்டை. நீலப் பூப்போட்ட துணி அதற்குள் ஒரு பக்கமாய் அழுந்திக் கிடந்தது. மகள் அதை வாங்கி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெளியே மரத்தடி பெஞ்சுக்கு வந்தாள். முடிச்சின் மேல் கை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"நான் பிரிக்கட்டுமா?" என்றாள் சோடா.

"வேண்டாம். நான்தான் பிரிக்கணும்."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். வாசனை எழுந்ததும் அவளுடைய கண்கள் மூடின. சோடா வேறு பக்கம் பார்த்தாள். டாக்ஸி ஓட்டிய காலத்தில் பின்சீட்டில் எத்தனையோ அழுகை கேட்டிருக்கிறாள். பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினால் போதும். இங்கே திருப்பி வைக்கக் கண்ணாடி இல்லை.

நைட்டிப் பையில் நோட்டு இருந்தது. அட்டை ஈரம் பட்டு உலர்ந்து நெளிந்திருந்தது. மகள் முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளினாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் அந்த ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்த போன் பட்டியல்ல ரெண்டாவது வரி எத்தனை மணி?"

"ஆறு பதினஞ்சு."

அவள் நோட்டை மூடினாள். அதைப் பூனையிடம்கூடக் கொடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போகலாம். அண்ணன் அங்கதான் இருப்பார். கட்டிலை எடுக்க இன்னிக்கு ஆள் வர்றாங்க."

சோடா வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினாள். பூனை இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

*

இரண்டு ஆட்கள் கட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி வாசல் வழியே திருப்பிக்கொண்டிருந்தார்கள். "சுவத்துல இடிக்காம, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தான் மகன். ஐம்பதைத் தொடுகிற வயது. தேய்த்த சட்டை. தங்கையுடன் வந்தவர்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சுருக்கம் வந்து போயிற்று.

"யார் இவங்க?"

"எனக்குத் தெரிஞ்சவங்கண்ணா. அம்மா விஷயமா ஒண்ணு ரெண்டு கேக்கணுமாம்."

"கேஸ்தான் போலீஸ்ல இருக்கே."

"இருக்கட்டும் சார்" என்றார் பூனை பணிவாக. "உங்க அம்மா கடைசியா யாரோட பேசினாங்கன்னு தங்கச்சி மனசுல ஒரு ஆதங்கம். நீங்கதான் பேசியிருக்கீங்க. என்ன பேசினாங்கன்னு சொன்னீங்கன்னா, பாவம், ஆறுதலா இருக்கும்."

மகனுடைய தோள் இறங்கியது. சோடாவுக்கு அது தெரிந்தது. ஆறுதல் கேட்டு வந்தவர்களுக்குப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் பேசினாங்க. சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். ஆச்சுப்பான்னாங்க. நர்ஸ் வந்தாளான்னேன். உள்ளே ஊசி எடுத்து வெச்சிட்டிருக்கான்னாங்க. குழந்தைங்களைப் பத்திக் கேட்டாங்க. அவ்வளவுதான்."

"நீங்க கேக்கக் கேக்கப் பதில் சொன்னாங்க."

"ஆமா."

பூனை மஞ்சள் சீட்டை அவன் முன்னால் நீட்டினார். மகன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். கட்டில் படிக்கட்டில் மோதுகிற சத்தம் கேட்டது.

"இது... எனக்குத் தெரியாது. சரி, அப்படின்னா அவங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்கும் லைன் சரியில்லை சார். உண்மையைச் சொல்லணும்னா ஒண்ணுமே கேக்கலை. கரகரன்னு இருந்துது. ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டே இருந்தேன். போலீஸ்ல குழப்பம் வேண்டாமேன்னு, பேசினதா சொல்லிட்டேன். அது தப்புதான், ஒத்துக்கறேன்."

"நாலு நிமிஷமும் ஒண்ணும் கேக்கலை."

"ஒரு வார்த்தை கேக்கலை."

சோடாவுக்கு மனசு தளர்ந்தது. ஆள் தப்பித்துவிட்டான். லைன் சரியில்லை என்பதை யார் பொய்யென்று சொல்ல முடியும்?

"அப்படின்னா ஆறு பதினஞ்சுக்கு ஏன் சார் ஒரே ஒரு மணி அடிச்சு வெச்சீங்க?" என்றார் பூனை.

மகன் வாயைத் திறந்தான். பதில் வருவதற்குள் தங்கை நோட்டைப் பிரித்தாள். நின்றபடியே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"'சனி. மாலை 5.40. மகனுக்கு நானே போட்டேன். எடுத்தானா தெரியாது. 6.10. விளக்கு எரிந்தது. எடுத்தேன். எனக்குக் காது இல்லை, யாராக இருந்தாலும் நான் சொல்வதை மட்டும் கேளுங்கள் என்றேன். நர்ஸ் வரவில்லை. இரண்டு வேளை ஊசி இல்லை. தலை சுற்றுகிறது. நாக்கு உலர்கிறது. மகனாக இருந்தால் நீ உடனே வா. வருவதாக இருந்தால் போனை வைத்துவிட்டு ஒரே ஒரு மணி அடி. விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மணி அடிக்காவிட்டால் எதிர் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு முறை சொன்னேன். வைத்தேன்.'"

அவள் மூச்சு வாங்கினாள்.

"'6.15. விளக்கு ஒரு முறை எரிந்தது. வருகிறான்.'"

தங்கை பக்கத்தைத் திருப்பினாள்.

"இன்னும் இருக்குண்ணா. '6.20. எதிர் வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கதவின் தாழைத் திறந்து வைத்தேன். நான் தூங்கிவிட்டால் தட்டுவது கேட்காது. 8.00. வழியில் கூட்டமாக இருக்கும். 10.00. மெதுவாக வரட்டும். ஞாயிறு. காலை 5.00. புறப்பட்டிருப்பான்.' அதுக்கப்புறம் கையெழுத்து கோணலாயிடுச்சு. என்னால படிக்க முடியலை. நீ படிக்கிறியா?"

அவள் நோட்டை நீட்டினாள். அவன் கை முன்னால் வரவில்லை.

"நான் நிஜமாவே போகலாம்னுதான் இருந்தேன்" என்றான் கடைசியில். குரல் சின்னதாகிவிட்டது. "வெள்ளிக்கிழமை நர்சை வேண்டாம்னு சொன்னப்பவும் அப்படித்தான். ரெண்டு நாள் நாமே இருந்து பார்ப்போம்னு இருந்தேன். சனிக்கிழமை காலையில கூட வேலை பார்க்கறவங்க கடற்கரைக்குக் கிளம்பினாங்க, நானும் போயிட்டேன். ஒரு நாள் ஊசி இல்லைன்னா என்ன ஆயிடப் போகுதுன்னு..."

"அந்த மணி?"

"அம்மா ரொம்பப் பயந்து பேசினாங்க. கேக்கவே முடியலை. கொஞ்சம் தைரியமா இருக்கட்டுமேன்னு அடிச்சேன். காலையில கிளம்பிடலாம்னு நினைச்சேன். காலையில எல்லாரும் மத்தியானம் திரும்பலாம்னாங்க. அப்படியே ராத்திரி ஆயிடுச்சு."

"நீங்க அடிச்சிருக்கலைன்னா எதிர் வீட்டுக்குப் போயிருப்பாங்க சார்" என்றாள் சோடா. அவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. "எதிர் வீட்டுக்காரர் சனி ஞாயிறு ரெண்டு நாளும் வீட்லதான் இருந்தார். மத்தியானம் இங்க வந்தப்பவே படியில அவரை விசாரிச்சேன்."

மகன் பெட்டிகளுக்கு நடுவே, சற்று முன்பு வரை கட்டில் கிடந்த இடத்தில், தரையில் உட்கார்ந்தான். தங்கை அவனைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை.

"மாடிப்படியில நர்சம்மாகிட்ட நீ சொன்னது, அம்மா சொன்னது, நீ அடிச்சது, எல்லாத்தையும் போலீஸ்ல வந்து சொல்லு. இப்பவே. இல்லைன்னா நான் இதைப் படிப்பேன். எத்தனை பேர் கேட்டாலும் படிப்பேன்."

வேலையாள் ஒருவன் வாசலில் தலையை நீட்டி, அடுத்து எதைத் தூக்குவது என்று கேட்டான்.

*

வாக்குமூலம் எழுதி முடிக்கவும் நர்சை விடுவிக்கவும் மறுநாள் காலை பதினோரு மணி ஆயிற்று. காவல் நிலையத்துப் படியில் வந்து நின்றவளுக்கு வெயிலில் கண் கூசியது. நாற்பத்தைந்து வயதுப் பெண். பன்னிரண்டு நாளில் இன்னொரு பத்து வயது ஏறியிருந்தது. உள்ளங்கையில் சுருட்டி வைத்த ஒரு பிளாஸ்டிக் பையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடுங்க நர்சம்மா. அண்ணன் சொன்னப்ப நானும் நம்பிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

நர்ஸ் கையை உருவிக்கொள்ளவில்லை. இறுக்கியும் பிடிக்கவில்லை.

"உள்ளே படுத்துக்கிட்டு ஒண்ணுதான் நினைச்சிட்டிருந்தேன். போலீஸ் அடிச்சா அடிக்கட்டும். ஆனா அவங்க எம்மேல கோபத்தோட போயிருப்பாங்களோன்னு. ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நான் சொல்லாம நின்னதில்லை. இவ வராமப் போயிட்டாளேன்னு நினைச்சிருப்பாங்க இல்ல?" அவள் பூனையைப் பார்த்தாள். "நோட்டுல என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா, சார்?"

பூனைக்குத் தெரியாது. அவர் மகளைப் பார்த்தார். மகள் பையிலிருந்து நோட்டை எடுத்து, தானே அதுவரை சரியாகப் பார்க்காத இரண்டாம் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

வெயிலில் கூசிய கண்ணுக்கு எழுத்து சட்டென்று பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து அவளுக்குப் பழக்கம். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பக்கத்தில் நின்றிருந்த சோடாவுக்கும் கேட்டது.

"'சனி. காலை 9.00. நர்ஸ் வரவில்லை. ஒரு நாளும் இப்படி இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. தனியாக இருப்பவள். வந்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும்.'"

நர்ஸ் படியிலேயே உட்கார்ந்தாள். போகிற வருகிற காவலர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நோட்டை மடியில் வைத்து, அந்த வரியின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டாள்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள், பக்கத்தில் இருக்கிற காது கேளாத ஒருவருக்குச் சொல்கிற மாதிரி, கொஞ்சம் உரக்க. "நான் நல்லாத்தான் இருந்தேன்."